முழு மயக்கமா, முதுகில் ஊசியா: இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு எது பொருந்தும்?

எண்பது வயதைக் கடந்த ஒருவர் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. படுக்கையிலேயே விட்டுவைத்தால் நுரையீரல் அழற்சியும் படுக்கைப் புண்ணும் கால் நாளங்களில் உறையும் ரத்தமும் அவர் உயிரைக் குடித்துவிடும் என்பதால், 36 முதல் 48 மணி நேரத்துக்குள் எலும்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட நெறி. விவாதம் முழுவதும் மயக்க முறையைப் பற்றியதுதான். நினைவிழக்கச் செய்து, மூச்சுப்பாதையில் குழாய் பொருத்தி, கருவியின் துணையோடு சுவாசிக்க வைப்பது முழு மயக்கம். கீழ்முதுகில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் மரப்பு மருந்தைச் சேர்த்து, உடலின் கீழ்ப்பாதியை மட்டும் உணர்வற்றதாக்குவது ஸ்பைனல். “இதயம் பலவீனம், அதனால் முதுகில் ஊசி போட்டுச் செய்துவிடுங்கள்” என்று உறவினர்கள் கேட்பதும், மருத்துவர்களிலேயே பலர் அதை ஆமோதிப்பதும் வழக்கம். இந்த எண்ணம் ஓரளவுதான் சரி என்பதோடு, சில நோயாளிகளுக்கு அது ஆபத்தான தவறாகவும் முடியும்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ‘ரீகெய்ன்’ ஆய்வில், 60 நாள்களுக்குள் இறந்தவர்கள் அல்லது தாமாக நடக்க இயலாமல் போனவர்களின் பங்கு ஸ்பைனல் பெற்றவர்களில் 18.5 விழுக்காடு, முழு மயக்கம் பெற்றவர்களில் 18.0 விழுக்காடு. முழு மயக்கம் முதியவரின் மூளையைக் குழப்பிவிடும் என்ற அச்சத்துக்கும் அந்த ஆய்வு வலுச்சேர்க்கவில்லை. அறுவைக்குப் பின் வரும் திடீர் மனக்குழப்பம் இரு பிரிவிலும் ஏறத்தாழ 20 விழுக்காடுதான். சீனாவில் 65 வயதைக் கடந்த 950 பேரிடம் நடந்த ‘ராகா’ ஆய்வும் மனக்குழப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆனால் ‘ரீகெய்ன்’ ஆய்வில் ஸ்பைனல் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உறக்க மருந்தும் சேர்த்தே கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்பைனல் போட்டுவிட்டு நோயாளியை ஆழ்ந்து தூங்க வைப்பது, மூச்சுப்பாதைக்குக் காவல் இல்லாத முழு மயக்கத்துக்கு ஒப்பானது என்றே நான் கருதுகிறேன்.

சராசரிகள் சமமாக இருப்பதால் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டும் சமம் என்று ஆகிவிடாது. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவரை எடுத்துக்கொள்வோம். குறுகிய வாசலின் வழியே ரத்தத்தைத் தள்ளியாக வேண்டிய அவரது இதயத்தால், தேவைக்கு ஏற்ப வெளியேற்றத்தைக் கூட்ட முடியாது. ஸ்பைனல் மருந்து நரம்புகளை மரக்கச் செய்யும்போது ரத்த நாளங்களும் ஒருசேரத் தளர்கின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது. தடித்துப்போன இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் நாளங்களிலும் அழுத்தம் குறைகிறது. ஊட்டம் குறைந்த இதயம் மேலும் தளர, அழுத்தம் மேலும் சரிகிறது. இந்தச் சுழலில் சிக்கியவரை மீட்பது கடினம். ‘இதயம் பலவீனம், எனவே ஸ்பைனல்’ என்ற வாதம் உடைந்துபோவது இங்கேதான். முழு மயக்கத்திலும் அழுத்தம் சரியும் என்றாலும், மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, தமனிக்குள் வைத்த குழாய் வழியே ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் கண்காணித்து, நாளங்களைச் சுருக்கும் பினைல்எஃப்ரின் போன்ற மருந்தை முன்கூட்டியே ஓடவிட்டுக் கட்டுக்குள் வைக்க முடியும். ஒரே ஊசியில் போட்ட ஸ்பைனலைத் திரும்பப் பெற வழியில்லை. மிகக் குறைந்த அளவு மருந்தாலோ, மெல்லிய குழாய் வைத்துத் துளித்துளியாகக் கொடுப்பதாலோ அதையும் பாதுகாப்பாகச் செய்யும் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அது அவர்களுடைய பயிற்சியின் பலனே தவிர அந்த முறைக்கே உரிய பாதுகாப்பு அல்ல.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்குபவருக்கு நிலைமை தலைகீழ். அவரைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்தால், பிறகு அதிலிருந்து விடுவிப்பதே பெரும் போராட்டமாகலாம் என்பதால், மல்லாந்து படுக்க முடியும் என்றால் ஸ்பைனலுக்கே என் வாக்கு. மூச்சுக்குழாய் பொருத்தக் கடினமான கழுத்தும் தாடையும் உள்ளவருக்கும் பலர் ஸ்பைனலையே நாடுகிறார்கள். அந்தக் காரணத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. மரப்பு நெஞ்சுவரை ஏறிவிட்டாலோ பாதி அறுவையில் தேய்ந்துவிட்டாலோ, பக்கவாட்டில் படுத்திருக்கும் அதே நோயாளிக்கு, அதே கடினமான மூச்சுப்பாதையில், அவசரத்தில் குழாய் பொருத்த வேண்டி வரும். கையில் மாற்றுத் திட்டம் இல்லாமல் ஸ்பைனலுக்குள் ஒதுங்குவது சிக்கலைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் பல சமயம் இந்தத் தேர்வை நம் கையிலிருந்தே பறித்துவிடுகின்றன. தனித்த ஆஸ்பிரின் ஸ்பைனலுக்குத் தடையில்லை. க்ளோபிடோக்ரெல் உட்கொள்பவருக்கு 5 முதல் 7 நாள்களும், ரிவராக்சபான் முழு அளவில் உட்கொள்பவருக்கு 72 மணி நேரமும் இடைவெளி விட்டே முதுகில் ஊசி போட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எலும்பையோ 48 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். ஸ்பைனலுக்காக அறுவையைத் தள்ளிப்போடுவதால் வரும் கேடு, முழு மயக்கத்தால் வரக்கூடும் என்று அஞ்சப்படும் கேட்டைவிடப் பெரியது. இத்தகையவருக்கு முழு மயக்கம் கொடுத்து, வலிக்குத் தொடை நரம்புகளைச் சூழ்ந்து மரப்பு மருந்து செலுத்துவதே தக்க வழி. அந்த மருந்து தவறி ரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம் என்பதால், அதன் நச்சை முறிக்கும் 20 விழுக்காடு கொழுப்புக் கரைசல் அறையிலேயே இருக்க வேண்டும். முதல் அளவு எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர்.

அரிதான விபரீதங்களை ஒப்பிடும்போதுதான் இரு முறைகளின் இயல்பும் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. முழு மயக்கத்தின் அச்சமூட்டும் அரிய விளைவு, 1960இல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கொடும் உடல்வெப்ப உயர்வு. மரபணுவில் இக்குறையைச் சுமப்பவர் சுவாசத்தில் கொடுக்கும் மயக்க வாயுக்களையோ சக்சினைல்கோலின் மருந்தையோ பெற்றால், தசைச் செல்களுக்குள் கால்சியம் கட்டின்றிப் பெருகி, தசைகள் விறைத்துக் கொதிக்கத் தொடங்குகின்றன. பெயரில் வெப்பம் இருந்தாலும், பெரும்பாலும் அதற்கு முன்பே கண்காணிப்புத் திரையில் வெளிமூச்சின் கரியமில வாயு அளவு காரணமின்றி ஏறும். இதற்கு மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். நெடுங்காலமாகப் புழங்கும் குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம்தான் உண்டு. ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவரின் முதல் அளவுக்கே ஒன்பது குப்பிகள் தேவை என்றால், அந்த நேரத்தில் எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தில் எவரேனும் மயக்கத்தின்போது இவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தால், வாயுவைத் தவிர்த்துப் புரோபோஃபால் போன்ற, ரத்த நாளத்தில் செலுத்தும் மருந்துகளால் மட்டுமே முழு மயக்கம் கொடுக்கலாம். ஸ்பைனலும் அவருக்குப் பாதுகாப்பானதே.

செயற்கை மூட்டைப் பொருத்த எலும்புக்குள் சிமென்ட் நிரப்பும் கணத்தில் ஆக்சிஜனும் அழுத்தமும் ஒருசேரச் சரியும் விபத்து இரு முறைகளுக்கும் பொது. விழித்திருப்பவர் மூச்சுத் திணறுவதாகச் சொல்லியோ திடீரெனக் குழம்பியோ அதைக் காட்டிக்கொடுப்பார். மயக்கத்தில் இருப்பவருக்கு வெளிமூச்சின் கரியமில வாயு சட்டென விழுவதே முதல் தடயம்.

ஸ்பைனலுக்கே உரிய அரிய விபரீதம், தண்டுவடத்தை அழுத்தும் ரத்தக் கட்டி. முழு மயக்கத்தின் விபரீதம் பெரும்பாலும் மயக்கவியல் மருத்துவரின் கண்ணெதிரே, எல்லாக் கருவிகளும் இணைக்கப்பட்டிருக்கும்போது நிகழ்கிறது. இதுவோ அவர் கிளம்பிச் சென்ற பிறகு, வார்டில், பெரும்பாலும் இரவில் வளர்கிறது. மரப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும் என்பதால், அதற்குப் பிறகும் கால்கள் அசையாமல் இருந்தாலோ, அசைந்த கால்கள் மறுபடி தளர்ந்தாலோ, ‘ஊசியின் வேகம் இன்னும் தணியவில்லை’ என்று காத்திருக்கக் கூடாது. உடனே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். பலவீனம் தொடங்கிய 8 மணி நேரத்துக்குள் கட்டியை அகற்றியவர்களே பெரும்பாலும் நடை மீள்கிறார்கள். ஸ்பைனலைத் தேர்ந்தெடுப்பவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் ரத்த அழுத்தத்தோடு சேர்த்து அந்த முதியவரின் இரு கால்களையும் மணிக்கொரு முறை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்க்கவும், யாரை எந்த எண்ணில் அழைப்பது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டே அறையை விட்டு வெளியேற வேண்டும்.