எஞ்சின் ஆயில் மாற்ற: கீழே திறப்பதா, மேலே உறிஞ்சுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றுகிறவர்கள் இரண்டு கட்சி. சம்ப் எனும் எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி வடிப்பதுதான் முறை என்பவர்கள் ஒரு பக்கம். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் குழாய்க்குள் மெல்லிய ட்யூப் விட்டு பம்பால் உறிஞ்சினால் சட்டையில் ஒரு சொட்டு படாது என்பவர்கள் மறுபக்கம். இந்த வழக்கில் இறங்கும் முன் பானட்டைத் திறந்து, ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாடல்கள் பலவற்றில் ஃபில்டர் எஞ்சின் மேலேயே ஒரு மூடிக்குள் இருக்கும். அதற்கு பம்புதான் சரி. காரைத் தூக்க வேண்டாம், அடித்தட்டைக் கழற்ற வேண்டாம், குனியக்கூட வேண்டாம். ஆனால் ஃபில்டர் கீழிருந்து மட்டுமே கைக்கு எட்டுகிற கார் என்றால் கதை வேறு. எப்படியும் படுத்துப் போகத்தான் வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் போல்ட்டை விட்டுவிட்டு மேலே நின்று பம்பு அடிப்பானேன்?

பம்பில் இன்னும் சில விஷயங்கள் உண்டு. எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு எண்ணெய் வெதுவெதுப்பாக ஆன பிறகுதான் உறிஞ்ச வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக, நூல் நூலாகத்தான் ஏறும். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் பிளாஸ்டிக் ட்யூப் இளகிவிடும். ட்யூபை சம்பின் தரை தட்டும்வரை இறக்கி, லேசாக மேலே இழுத்துப் பிடித்தால் ஒழுங்காக வரும். தீரும் நேரத்தில் களகளவென்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அத்தோடு நிறுத்திவிடாமல் ட்யூபை அங்கே இங்கே நகர்த்திப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வரும். சில எஞ்சின்களில் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு ட்யூபை அடிவரை போகவே விடாது. அங்கே பழைய எண்ணெய் மிச்சம் நிற்கும், நீங்கள் புதியதை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். வெளியே வந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய கார்களும் வந்துவிட்டன. அவற்றில் ட்யூப் விட வழி இருக்கிறதா என்று பார்க்காமல் பம்பு வாங்காதீர்கள்.

போல்ட்டைக் கழற்றுவதில் எனக்குப் பிடித்தது, கண்ணால் பார்க்க முடிவதுதான். அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். போல்ட் நுனியிலோ எண்ணெய் வடித்த தட்டிலோ உலோகத் துகள் மினுக்கினால், எஞ்சின் உள்ளே ஏதோ தேய்கிறது என்று முன்கூட்டியே தெரியும். பம்பு இதைக் காட்டித் தராது. ஆபத்தும் இங்கேதான். அலுமினிய சம்பில் பலத்தைக் காட்டி முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் செலவு ஆயிலோடு நிற்காது. முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள், வாஷரைப் புதிதாகப் போடுங்கள். திருகும் வகை ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

சரி, கீழே போவது எப்படி? ஹைலக்ஸ் மாதிரி உயரமான பிக்கப் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, அப்படியே நுழைந்துவிடலாம். மற்றவர்களுக்கு ரேம்ப்பா, ஜாக்கும் ஸ்டாண்டுமா என்பது கேள்வி. சமதரை இருந்தால் ரேம்ப் சுலபம், ஏற்றி நிறுத்தினால் முடிந்தது. முன் பம்பர் தாழ்ந்த கார்கள் மட்டும் ஏறும்போது இடிக்கும். ஆனால் சாட்ஸ்வொர்த்திலும் ரிசர்வாயர் ஹில்ஸிலும் சமதளமான டிரைவ்வே எத்தனை வீட்டில் இருக்கிறது? சரிவில் ரேம்ப்பும் வேண்டாம், ஜாக்கும் வேண்டாம். அங்கே பம்பு, இல்லாவிட்டால் சமதரை உள்ள உறவினர் வீடு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பது எந்தத் தரையிலும் கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: போல்ட் இருக்கும் இடத்தில் நிரந்தரமாக ஒரு குழாய் வால்வைப் பொருத்திவிடுவது. அடுத்த முறையிலிருந்து ஸ்பேனர் வேண்டாம், நெம்புகோலைத் திருப்பினால் கொட்டும், மரை தேயும் பயமும் இல்லை. எண்ணெய் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான் குறை. சம்புக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கிற வகை என்றால், மண் ரோட்டில் அடிக்கடி போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

வாரன்டி உள்ள கார் என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணைய வழிகாட்டுதல்கள், வாரன்டி போகாமல் சர்வீஸ் செய்யத் தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கதவைத் திறந்திருக்கின்றன. ஆனால் வீட்டு முற்றத்தில் செய்ததற்கு சர்வீஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் போட ஆளில்லை.

பழைய எண்ணெயைப் புது ஆயில் வந்த அதே 5 லிட்டர் கேனில் ஊற்றி மூடி வையுங்கள். மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் ஆறு வழியாகக் கடலுக்குத்தான் போகும். பழைய எண்ணெய் மறுசுழற்சிக்காக 1994 முதல் இயங்கும் ரோஸ் ஃபவுண்டேஷனிடம் கேட்டால், அருகில் எங்கே கொடுக்கலாம் என்று சொல்வார்கள். பிரேக் ஆயிலையோ கூலன்ட்டையோ அதே கேனில் கலந்துவிடாதீர்கள். கலந்தது மறுசுழற்சிக்கு ஆகாது.