பட்டிமன்றமா, கலந்தாலோசனையா: கல்லூரி வகுப்புக்கு எது?

மாணவர்களைப் பேச வைக்க வேண்டும் என்றதும் நம் கல்லூரிகளில் முதலில் நினைவுக்கு வருவது பட்டிமன்றம். கூச்சம் போகும், மேடை பழகும். ஆனால் எதிரணி நியாயமாகவே பேசினாலும் அதை ஒப்புக்கொள்ள அங்கே வழியில்லை. 60 பேர் வகுப்பில் ஆறு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவதோடு சரி.

அணி பிரிப்பதை வைத்துக்கொண்டே இந்தக் குறையைத் தீர்க்கிறது, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறை. நால்வர் குழு, பக்கத்துக்கு இருவர். வாதிட்டு முடித்ததும் பக்கம் மாறி, இதுவரை எதிர்த்ததையே எடுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம் பக்கங்களை விட்டுவிட்டு நால்வரும் ஏற்கும் முடிவை எழுத வேண்டும். உயிர்நாடி அந்தப் பக்கம் மாறும் கட்டம்தான்: அடுத்தவர் சொன்னதைச் சரியாகக் கேட்காதவர் அங்கே திணறிப்போவார். நானாக இருந்தால் மதிப்பெண்ணை அதற்குத்தான் தருவேன். 60 பேர் என்றால் 15 குழுக்கள். வாயே திறக்காதவர் என்று யாரும் இருக்க முடியாது.

ஆனால் எல்லாப் பிரச்சினைக்கும் இரண்டே பக்கம் இருப்பதில்லை. அமெரிக்காவில் கெட்டரிங் அறக்கட்டளையின் துணையோடு 1980களில் தொடங்கிய ‘நேஷனல் இஷ்யூஸ் ஃபோரம்ஸ்’ என்ற பொதுமக்கள் கலந்தாலோசனை முறை இங்கே கைகொடுக்கிறது. ஒரு கையேடு, அதில் பெரும்பாலும் மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் நாம் எதை இழக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு. 2019இல் தவித்த சென்னையின் குடிநீரையே எடுத்துக்கொள்ளலாம். நெம்மேலி போலக் கடல்நீர் ஆலைகளைக் கூட்டினால் மின்செலவு ஏறும், வெளியேற்றும் உப்புநீர் மீனவர்களின் கவலையாகும். ஏரிகளை மீட்டால் கரையோர ஏழைகளின் வீடுகள் போகலாம். மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்கினால் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் தப்பிவிடுவார். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் உண்மையான ஆலோசனை தொடங்குகிறது. வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் சேர்ந்த 30 மாணவர்களை நான்காண்டுகள் இப்படிப் பழக்கியது: முதலில் வகுப்பில், பிறகு வளாகத்தில், அதன்பின் ஊர்மக்களோடு. ஆசிரியருக்கு இதில் வேலை அதிகம். உள்ளூர்ப் பிரச்சினைக்குக் கையேட்டை அவரேதான் எழுத வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய குழுக்களிடை உரையாடல் வேறு வகை. வெவ்வேறு சமூகப் பின்னணி மாணவர்கள், பயிற்சி பெற்ற இரு வழிநடத்துநர்களோடு பல வாரங்கள் பேசுகிறார்கள். முடிவெடுப்பது நோக்கமல்ல, புரிந்துகொள்வதே. சாதியைப் பற்றிப் பேச நமக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான். அதனாலேயே அரைகுறையாகச் செய்யவும் கூடாது. பயிற்சியில்லாத ஆசிரியர் ஒரே பாடவேளையில் நடத்தினால், தலித் மாணவர் தன் வலியை எல்லோர் முன்னும் விளக்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

முதலாம் ஆண்டில் ஜான்சன் முறை, அடுத்த ஆண்டில் ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்கான கையேடு என்பதே என் தேர்வு. மிச்சிகன் வழிக்கு, முதலில் ஆசிரியர்கள் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.