டெக்சாஸ் லைசென்ஸ் அலுவலகம்: கவுன்ட்டரில் குறையில்லை, காகிதத்தில்தான் கவனம் வேண்டும்

டெக்சாஸில் ஓட்டுநர் உரிமம் கொடுப்பது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. எல்லோரும் டி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள். நெடுஞ்சாலை ரோந்து போலீசும் டெக்சாஸ் ரேஞ்சர்களும் இதே துறையின் கீழ் வருகிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசென்ஸும் வண்டிப் பதிவும் ஒரே அலுவலகத்தில் நடக்கும். நம் ஊர் ஆர்.டி.ஓ.வும் அப்படித்தான். டெக்சாஸில் லைசென்ஸுக்கு டி.பி.எஸ்., வண்டிப் பதிவுக்குக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) வரி அலுவலகம். புதிதாக வந்தவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

சேவை எப்படி என்று கேட்டால், கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நன்றாகவே இருக்கிறது. இடைத்தரகர் கிடையாது, கட்டணம் என்னவோ அதுதான், தேர்வில் தோற்றால் எங்கே தோற்றோம் என்று சொல்லி அனுப்புவார்கள். 18 முதல் 84 வயது வரை 8 ஆண்டு லைசென்ஸுக்கு 33 டாலர். இது நியாயமான விலை. குறை முழுவதும் கவுன்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. ஒன்று, பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காத திண்டாட்டம். இன்னொன்று, விசாவில் இருப்பவர்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் முறை. ஒரே நடையில் முடிவதும் மூன்று நடை ஆவதும் இந்த இரண்டைப் பொறுத்ததே.

கெடுவை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் குடியேறிய நாளிலிருந்து 90 நாள்வரை பழைய லைசென்ஸில் ஓட்டலாம். அதற்குள் டெக்சாஸ் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். வேறு அமெரிக்க மாநில லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு எழுத்துத் தேர்வும் இல்லை, ஓட்டுத் தேர்வும் இல்லை; பழைய அட்டையை ஒப்படைத்தால் போதும். இந்தியா, இலங்கை லைசென்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊரில் எட்டுப் போட்டு வாங்கி இருபது வருடம் ஓட்டியவரும் இங்கே இரண்டு தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பாயின்ட்மென்ட் விஷயத்துக்கு வருவோம். 2020 முதல் எல்லாம் இணைய முன்பதிவுதான். ஆறு மாதம் முன்கூட்டியே நாள் பிடிக்கலாம். கார்லண்ட், கரோல்டன், ஃபோர்ட் வொர்த், ஸ்பிரிங், ஹூஸ்டன் கெஸ்னர், ஆஸ்டினை ஒட்டிய ஃப்ளூகர்வில், சான் ஆன்டோனியோ பக்கம் லியோன் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் மெகா சென்டர் என்ற பெரிய அலுவலகங்கள் உள்ளன. கவுன்ட்டர் அதிகம், கூட்டமும் அதிகம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பக்கத்தில் பிரையன் அலுவலகம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில், பல்கலைக்கழகம் திறக்கும் நேரத்தில், இடம் கிடைப்பது அரிது.

மூன்று வழி உண்டு. முதலில் கிடைக்கிற நாளை, எவ்வளவு தள்ளி இருந்தாலும், பிடித்து வையுங்கள். பிறகு தினமும் காலையில் முன்பதிவுத் தளத்துக்குள் போய்ப் பாருங்கள். மற்றவர்கள் ரத்து செய்த இடங்களும் அன்றைக்கே போகக்கூடிய இடங்களும் அப்போது தென்படும். அதுவும் சரிவரவில்லை என்றால் ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சிறு ஊர் அலுவலகத்தைத் தேடுங்கள். மாநிலத்தில் எந்த அலுவலகத்துக்கும் போகலாம். நீங்கள் குடியிருக்கும் கவுன்ட்டியாக இருக்க வேண்டியதில்லை. சிறு ஊர்களில் ஓட்டுத் தேர்வுச் சாலைகளும் அமைதியாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். முன்பதிவு செய்யும்போது சேவையின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். முதல் முறை விண்ணப்பம் வேறு, ஓட்டுத் தேர்வு வேறு. விண்ணப்பத்துக்கு நாள் வாங்கிக்கொண்டு காரோடு போய், இன்றைக்கே ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் நடக்காது.

இனி காகிதங்கள். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். விண்ணப்பப் படிவத்தின் பெயர் டி.எல்.-14ஏ. வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போங்கள். அதோடு பாஸ்போர்ட், விசா, இணையத்தில் எடுத்த மிகச் சமீபத்திய ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), மாணவர் என்றால் பல்கலைக்கழகம் தரும், கையெழுத்திட்ட ஐ-20 படிவம், வேலை விசா என்றால் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மூலப்பிரதி. கைப்பேசியில் காட்டும் படம் செல்லாது. சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால் அதற்கான சான்று. வளாக வேலை இல்லாத எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்கு அந்த எண் இருக்காது. அதனால் லைசென்ஸ் கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது தவறு. எண் வழங்கப்படவில்லை என்று உறுதிமொழி கொடுத்தால் போதும்.

அதிகம் பேர் திரும்பி வருவது முகவரிச் சான்றால்தான். இரண்டு ஆவணம் வேண்டும், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. ஒரே நிறுவனத்தின் தண்ணீர் பில்லும் கேஸ் பில்லும் ஒன்றாகத்தான் கணக்கு. இரண்டில் ஒன்றாவது நீங்கள் டெக்சாஸில் 30 நாளாகக் குடியிருப்பதைக் காட்ட வேண்டும். வேறு மாநில லைசென்ஸை ஒப்படைப்பவருக்கு மட்டும் இந்த 30 நாள் கணக்கு இல்லை. வீட்டு லீஸ் (வாடகை ஒப்பந்தம்), வங்கிக் கடிதம், மின்சார பில், கார் இன்ஷூரன்ஸ், நடப்பாண்டுக் கல்லூரி மதிப்பெண் பட்டியல் எல்லாம் செல்லும்.

நாலு பேர் சேர்ந்து வீடெடுக்கும் மாணவர்களுக்கு இங்கே சிக்கல் வரும். மின்சாரம் ஒருவர் பெயரில், இணையம் இன்னொருவர் பெயரில் இருக்கும்; மீதி இரண்டு பேரிடம் லீஸ் தவிர ஒன்றும் இருக்காது. லீஸில் நான்கு பேர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வந்த வாரமே வங்கிக் கணக்கு திறந்து, அறிக்கை தபாலில் வருமாறு கேளுங்கள். அப்படியும் ஒன்று குறைந்தால் டி.எல்.-5 என்ற குடியிருப்பு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. உறவினர் அல்லாத அறைத்தோழர் என்றால் அவரே தன் லைசென்ஸோடும் தன் இரண்டு முகவரிச் சான்றோடும் உங்களுடன் அலுவலகத்துக்கு வர வேண்டும். வேலைக்கு வந்தவரின் மனைவிக்கும் இதே நிலைதான். பில் எல்லாம் கணவர் பெயரில் இருந்தால் இந்தப் படிவத்தோடு திருமணச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது சேவ் என்ற மத்திய அரசுக் கணினிச் சரிபார்ப்பு. கவுன்ட்டரில் இருப்பவர் உங்கள் குடியேற்ற விவரத்தைத் தட்டியவுடன் பெரும்பாலும் சில நொடிகளில் பதில் வந்துவிடும். வராவிட்டால் கூடுதல் சரிபார்ப்புக்குப் போகும். அது நாட்கணக்கில் இழுக்கும், கவுன்ட்டர் ஊழியர் கையில் ஒன்றும் இல்லை. அவரிடம் வாதாடிப் பயனில்லை. கொடுக்கும் எண்ணை வைத்து சேவ் தளத்தில் நீங்களே நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் வராததற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். மாணவர்கள் இறங்கிய மறுநாளே போவது முதல் காரணம். நாட்டுக்குள் வந்து 10 நாள் ஆகட்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் செவிஸ் என்ற மத்திய அரசு மாணவர் பதிவைச் செயல்படுத்திய பிறகு இரண்டு வேலை நாளாவது போகட்டும்.

இரண்டாவது காரணம், நம் பெயர். இனிஷியல் மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் பல தமிழர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் நம் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவில் ஒரு மாதிரி, ஐ-94இல் வேறு மாதிரி, ஐ-20இல் இன்னொரு மாதிரி என்றால் கணினிக்கு ஆள் பொருந்தாது. அப்பாயின்ட்மென்டுக்கு ஒரு வாரம் முன்பே எல்லா ஆவணத்தையும் மேஜையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறிய ஐ-94 உண்டு. ஐ-94இல் பிழை இருந்தால் டி.பி.எஸ். திருத்தாது. சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்பு அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். மற்ற ஆவணங்களில் எஃப்.என்.யூ. இருந்தால் லைசென்ஸிலும் அதுவே அச்சாகும். வேண்டாமென்றால், இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்து எழுதிய பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வர வேண்டும்.

எழுத்துத் தேர்வில் 30 கேள்வி, 21 சரியாக வேண்டும். 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 6 மணி நேர ஓட்டுநர் கல்வி வகுப்பு கட்டாயம். 25 ஆனவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் அதை இணையத்தில் எடுத்துக்கொள்வது நல்லது என்பதே எங்கள் கருத்து, ஏனென்றால் எழுத்துத் தேர்வு அந்த வகுப்பிலேயே அடங்கிவிடும். நேரில் எழுதுபவர் எண்களை மனப்பாடம் செய்தாக வேண்டும். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது, திரும்புவதற்கு 100 அடி முன்பே இண்டிகேட்டர் போட வேண்டும், எதிரே வண்டி 500 அடியில் வரும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டும், முன்னால் போகும் வண்டியென்றால் 300 அடி. ஊரில் ஓட்டிய அனுபவம் இந்த எண்களைச் சொல்லித் தராது.

ஓட்டுத் தேர்வுக்கு முன் இம்பாக்ட் டெக்சாஸ் என்ற ஒரு மணி நேர இலவசக் காணொளி பார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது 90 நாளுக்குத்தான் செல்லும். ஆர்வத்தில் வந்தவுடன் பார்த்துவிட்டு, நான்கு மாதம் கழித்துத் தேர்வுக்குப் போனால் சான்றிதழ் காலாவதி. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாருங்கள், போதும்.

தேர்வுக்குக் கார் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கிளம்புமுன் பதிவு, இன்ஷூரன்ஸ், நம்பர் பிளேட், ஹாரன், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை என்றாலும் தேர்வே தொடங்காது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் ஓட்டுநராக இருக்க வேண்டும்.

தேர்வில் தவறுக்குத் தவறு புள்ளி ஏறும். 30ஐத் தாண்டினால் தோல்வி. பாரலல் பார்க்கிங் உண்டு, நேராகப் பின்னால் 60 அடி போகச் சொல்வார்கள். பின்னால் போகும்போது கேமரா திரையை மட்டுமே பார்க்கக் கூடாது. உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பார்க் செய்து முடித்ததும் சக்கரம் நடைபாதை விளிம்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

நம் ஆட்களைக் கவிழ்ப்பது பார்க்கிங்கைவிட ஸ்டாப் சைன். வேகம் குறைத்து, ஆளில்லை என்று மெல்ல ஊர்ந்து போவது பழக்கத்தில் வந்துவிடும். இங்கே அது சட்டமீறல், அதோடு தேர்வு முடிந்தது. வெள்ளைக் கோட்டுக்கு முன்பே நிறுத்துங்கள். வண்டி முன்னால் சாய்ந்து, பின்னால் ஒரு சிறு குலுக்கலோடு உட்காருவதை உணர வேண்டும். அதன் பிறகு இடம், வலம், மறுபடி இடம் பார்த்துக் கிளம்புங்கள். சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பலாம், ஆனால் முழுதாக நின்ற பிறகே. இடது பக்கம் திரும்பும்போது கிட்டத்தில் இருக்கும் லேனுக்குள் நுழையுங்கள்; அகலமாகச் சுற்றி ஓரத்துக்குப் போனால் தவறுப் புள்ளி ஏறும். லேன் மாறும்போது கண்ணை மட்டும் கண்ணாடிக்கு ஓட்டினால் தேர்வாளருக்குத் தெரியாது. தலையைத் தோள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். டி.பி.எஸ்.ஸில் தேர்வுக்கு நாளே கிடைக்கவில்லை என்றால், அனுமதி பெற்ற ஓட்டுநர் பள்ளிகளிலும் ஓட்டுத் தேர்வு நடக்கிறது. தனிக் கட்டணம், ஆனால் காத்திருப்பு குறைவு. ஒரு விண்ணப்பம் 90 நாள் உயிரோடு இருக்கும், மூன்று முயற்சி உண்டு. அதற்குமேல் புதிதாகப் பணம் கட்ட வேண்டும்.

தேறியதும் காகித அனுமதிச் சீட்டு கையில் வரும், அட்டை தபாலில் வரும். காகிதத்தை வைத்து வண்டி ஓட்டலாம், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அது செல்லாது. அதுவரை பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும். கட்டணம் 11 டாலர்.

காரைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கார் வாங்கினால் விற்றவரும் நீங்களும் கையெழுத்திட்ட 130-யூ படிவத்தோடு 30 நாளுக்குள் கவுன்ட்டி வரி அலுவலகம் போங்கள். முடிந்தால் விற்றவரையும் கூட்டிப்போங்கள், டைட்டில் என்ற உரிமைச் சான்றில் கையெழுத்து விடுபட்டால் அங்கேயே சரியாகும். விற்பனை வரி 6.25 சதவீதம். விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்க முடியாது, வண்டியின் மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த 80 சதவீதத்தை வைத்தே வரி போடுவார்கள். 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் போன்ற நகரங்களைச் சுற்றிய கவுன்ட்டிகளில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது.

விசாவில் இருப்பவரின் லைசென்ஸ், அவர் நாட்டில் தங்கும் அனுமதியோடு முடியும். இணையத்தில் புதுப்பிக்க முடியாது. மறுபடி கவுன்ட்டர், மறுபடி சேவ் சரிபார்ப்பு. நீட்டிப்புக் கடிதம் வந்த பிறகு நாள் தேடினால் பழைய அட்டை அதற்குள் காலாவதி ஆகிவிடலாம். ஆறு மாதம் முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி இருப்பதால், நீட்டிப்புக்கு மனுப் போட்ட அன்றே, அட்டை முடிவதற்குச் சில வாரம் முன்பாக ஒரு நாளைப் பிடித்து வையுங்கள். கடிதம் வரத் தாமதமானால் நாளை மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.