துய் ஹுவாவுல இறங்குங்க: சைகோன்லருந்து ஸ்லீப்பர் பஸ்ல போன அனுபவம்

வியட்நாம் போற நம்மாளுங்க முக்கால்வாசி பேரு நா ட்ராங்ல மூணு நாள் தங்கிட்டு நேரா ஹோய் ஆனுக்கு டிக்கெட் போட்டுடறாங்க, நடுவுல துய் ஹுவான்னு ஒரு கடற்கரை ஊர் இருக்குங்கறதே பாதி பேருக்கு தெரியாது, ராத்திரி தூக்கத்துல பஸ் அதைத் தாண்டிப் போயிடுது. நான் போன மார்ச்ல அங்க அஞ்சு நாள் இருந்தேன், அந்த அஞ்சு நாள்ல வேற வெளிநாட்டுக்காரங்கன்னு பார்த்தது மொத்தம் நாலு பேரு. அதனாலதான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

முதல்ல பஸ். சைகோன்லருந்து, அதாவது ஹோ சி மின் சிட்டிலருந்து, கிட்டத்தட்ட 550 கிலோமீட்டர், ராத்திரி 7 மணிக்கு மேல ஏறினா விடியகாலைல இறங்கிடலாம். படியில கால் வைக்கும்போதே கண்டக்டர் கையில ஒரு பிளாஸ்டிக் பையை திணிச்சிடுவாரு, செருப்பு ஷூவெல்லாம் கழட்டி அதுல போட்டுட்டு வெறும் காலோடதான் உள்ள போகணும், இதுல யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. உள்ள மூணு வரிசை, கீழ மேலன்னு ரெண்டு அடுக்கு பெர்த். முழுசா படுக்கற மாதிரி இருக்காது, முதுகு கொஞ்சம் சாஞ்ச மாதிரி, காலை முன்னாடி பெர்த்துக்காரரோட தலைக்கு அடியில இருக்கற ஒரு பொட்டிக்குள்ள விட்டுக்கணும். நான் ஆறடிக்கு ஒரு இன்ச் கம்மி, எனக்கு முட்டி மடங்கித்தான் இருந்துச்சு, ராத்திரி மூணு தடவை எழுந்தேன். அஞ்சரை அடிக்குள்ள இருக்கறவங்களுக்கு சொகுசாத்தான் இருக்கும், என் பக்கத்து பெர்த் அக்கா குழந்தையை அணைச்சுக்கிட்டு அசையாம தூங்கினாங்க. உயரமானவங்க கூடுதலா காசு குடுத்து கேபின் வண்டி எடுத்துடுங்க, அதுல தனி அறை மாதிரி திரை போட்டு கால் நீட்ட இடம் இருக்கும். சாதா ஸ்லீப்பர்னா கீழ் பெர்த்தும் ஜன்னல் ஓரமும் கேட்டு வாங்குங்க, மேல ஆட்டம் ஜாஸ்தி, நடு வரிசைல ஒரு பக்கமும் சாய்மானம் இருக்காது.

பஸ்ல டாய்லெட் கிடையாது. நடுராத்திரி ஒரு பெரிய ஓட்டல்கிட்ட நிறுத்தினாங்க, கதவு திறந்ததும் கீழ ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு, கைக்கு வந்ததை மாட்டிக்கிட்டு எல்லாரும் இறங்கறாங்க, திரும்ப ஏறும்போது அதே கூடைல போட்டுடணும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, தூக்கக் கலக்கத்துல ஷூ லேஸ் கட்டற வேலையே இல்ல.

குறைன்னு சொன்னா ஒண்ணுதான், ஆனா பெரிய குறை. டிக்கெட் எடுக்கும்போது ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டுலயே விடுவோம்னு சொல்லிட்டு, காலைல நாலரை மணிக்கு எழுப்பி இருட்டுல ஹைவே ரவுண்டானா ஓரமா இறக்கிவிட்டுட்டாங்க. வண்டி அதுக்கு மேல வடக்க போறது, ஊருக்குள்ள திரும்பினா அவங்களுக்கு நேரம் போகும், அது புரியுது, ஆனா அதை முன்னாடியே சொல்லணும்ல? தனியா வர்ற ஒரு பொண்ணா இருந்தா எவ்ளோ பயந்திருப்பாங்க. நல்ல வேளை ஒரு ஸே ஓம் அண்ணன், அதாவது பைக் டாக்ஸிக்காரர், அந்த நேரத்துலயும் நின்னுட்டு இருந்தாரு, 50 ஆயிரம் டாங் (வியட்நாம் காசு) வாங்கிட்டு பீச் ரோட்டுல கொண்டு விட்டாரு. நீங்க போனா வியட்நாமிய எழுத்துல பஸ் ஸ்டாண்டு பேரை போன்ல டைப் பண்ணி வெச்சு, ஏறும்போதே கண்டக்டர்கிட்ட காட்டி தலையாட்ட வெச்சுடுங்க. பஸ்ஸுக்கு என் மார்க் அஞ்சுக்கு மூணு.

ஆனா அந்த நேரத்துல இறங்கினதாலதான் அந்த ஊர் எனக்கு பிடிச்சுப்போச்சுன்னும் சொல்லணும். அஞ்சு மணிக்கு பீச்சுல பாதி ஊரே இருக்கு. வயசான பாட்டிங்க முழுக்கை சட்டையோட, தலைல தொப்பியோட, கழுத்தளவு தண்ணில நின்னுக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சத்தமா கதை பேசறாங்க, அலை வரும்போது எல்லாரும் ஒண்ணா எகிறி குதிச்சுட்டு விட்ட இடத்துலருந்து பேச்சைத் தொடர்றாங்க. ஏழு மணிக்கு வெயில் ஏறினதும் ஒருத்தர் இல்ல, மறுபடி சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் கூட்டம். நடுவுல அத்தனை நீள மணலும் காலி. திறந்த கடல், இழுப்பு இருக்கு, அதனால ஊர்க்காரங்க நிக்கற இடத்தைத் தாண்டிப் போகாதீங்க.

தங்கினது ஒரு குடும்பம் நடத்தற சின்ன விடுதி, ஒரு நாளைக்கு 250 ஆயிரம் டாங், ஃபேனும் ஏசியும் இருந்துச்சு, பெட்ஷீட் சுத்தம். பாஸ்போர்ட் கேட்டா பயப்படாதீங்க, போலீஸ்ல பதிவு பண்றது அங்க சட்டம். அந்த வீட்டுப் பாட்டிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, தினம் மத்தியானம் டிராகன் ஃப்ரூட் நறுக்கி தட்டுல வெச்சு கதவைத் தட்டுவாங்க.

சாப்பாட்டுல இந்த ஊருக்குன்னு பேர் வாங்கினது சூரை மீன் கண்ணு. ஆழ்கடல் சூரை மீன் பிடிக்கறதுல வியட்நாம்லயே முன்னோடி இந்த பக்கம்தான். கையளவு மண்சட்டில ஒரே ஒரு கண்ணு, கோலிக்குண்டு மாதிரி இல்ல, எலுமிச்சம்பழத்தை விட பெருசு, மூலிகை போட்டு கொதிக்க கொதிக்க வரும், கூட ஊதா நிற இலை ஒண்ணு நறுக்கிப் போட்டு சாப்பிடணும். மீன் தலைக் குழம்புல கண்ணுக்கு சண்டை போட்டு வளர்ந்தவங்களுக்கு இது சொர்க்கம், அந்த கொழகொழப்பு பிடிக்காதவங்க சூரை மீன் சதை வாங்கிக்கலாம். சைவம்னா கோம் சாய்னு கேளுங்க, பௌர்ணமிக்கும் அமாவாசையை ஒட்டின முதல் தேதிக்கும் அங்க நிறைய பேரு சைவம்தான் சாப்பிடறாங்க, அன்னிக்கு கடைகள் நல்லா கிடைக்கும்.

ஊருக்கு வடக்க முப்பது கிலோமீட்டருக்கு மேல போனா கான் டா டியா. எரிமலைக் குழம்பு ஆறி சுருங்கும்போது ஆறு பட்டை அஞ்சு பட்டைன்னு வெடிச்சு நின்ன கருங்கல் தூண்கள், கடலுக்குள்ள படிக்கட்டு மாதிரி இறங்குது, தட்டுகளை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கறதால அந்தப் பேரு. தூண் உச்சில இருக்கற குழில எல்லாம் கடல்தண்ணி தேங்கி ஓரமா உப்பு பூத்திருந்துச்சு, தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீங்க, நம்ம ஊர்ல தர்ற இன்டர்நேஷனல் லைசென்ஸ் 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி, வியட்நாம் ஏத்துக்கறது 1968 ஒப்பந்தத்தோடதை, விபத்துன்னு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸும் கைவிட்டுடும். நான் ஸே ஓம் அண்ணனையே அரை நாளைக்கு பேசிக்கிட்டேன்.

ஊருக்குள்ள ஆத்தோரம் ஒரு குன்று, மேல தாப் ஞான்னு ஒரு செங்கல் கோபுரம், சாம் மக்களோட பழைய சாம்பா ராஜ்யத்து காலத்துது. செங்கல்லுக்கு நடுவுல சாந்தே கண்ணுக்குத் தெரியல, விரலால தடவிப் பார்த்தேன், நகம் கூட நுழையல. சாம் மக்கள் சிவனைக் கும்பிட்டவங்க, பத்ரேஸ்வரன்னு சிவன் பேரு சொல்ற பழைய சமஸ்கிருத கல்வெட்டு ஒண்ணு இந்த ஊர்லயே இருக்கு. இப்போ உள்ள ஒரு அம்மனை வெச்சு வியட்நாம்காரங்க ஊதுபத்தி ஏத்தறாங்க. சாயங்காலம் அங்க உட்கார்ந்தா கீழ டா ராங் ஆறு கடல்ல சேர்றது முழுசா தெரியும், நான் மூணு சாயங்காலம் போனேன்.

செப்டம்பர்லருந்து டிசம்பர் வரைக்கும் அங்க மழையும் புயலும், அப்போ வேண்டாம். அங்கருந்து வடக்க இருக்கற அடுத்த கடற்கரை ஊர் குய் நோன் 100 கிலோமீட்டர்தான், அதுக்கு பெரிய பஸ் வேண்டாம், விடுதில சொன்னா வேன் வாசலுக்கே வந்து ஏத்திக்கும், எனக்கு பாட்டியே போன் பண்ணி பேசி, வேன் திரும்பற வரைக்கும் தெருவுல நின்னு கை காட்டினாங்க.