4 இலட்சத்து 85 ஆயிரம் போனது: வன்னியில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறவர்கள் கவனம்

இன்று மத்தியானம் எங்கள் ஊர்க் கராஜில் என்ஜினைப் பிரித்தார்கள். அந்தக் கோபம் ஆறுமுன் எழுதுகிறேன். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று விவரமாகச் சொல்லத்தான் இருந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இரண்டரை ஏக்கர் வயல், நான்கு மாடு. விடிய 20 லீற்றர் பால் கேனைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அப்புறம் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, உரப்பையைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகவேண்டும். பாதித் தூரம் கிரவல் ரோட்டு, மிச்சம் வாய்க்கால் கட்டு. இதற்கு எந்த வண்டி சரி என்று எனக்குத் தெரியும். 100 சிசி, பாரம் குறைந்தது, நீளமான சீற்றும் பின்னுக்குக் கரியரும் உள்ளது, லீற்றருக்கு 55, 60 கிலோமீற்றராவது ஓடுவது, எந்தச் சந்தியிலும் சாமான் வாங்கக்கூடியது. எங்கள் பக்கம் எல்லோரும் சீடி 100, பிளாட்டினா, ஸ்பிளெண்டர் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

காலபோக நெல் விற்ற காசு, மனைவியின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்த காசு, எல்லாம் சேர்த்து 4 இலட்சத்து 85 ஆயிரம் கையில் இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் வரியெல்லாம் சேர்ந்து வரும் புதிய வண்டியின் விலை எனக்கு எட்டாது. அதனால் வவுனியாவில் பழைய மோட்டார் சைக்கிள்கள் வாங்கி விற்கிற ஓர் இடத்துக்குப் போனேன். பெயர் போடவில்லை.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். கதிரையைத் துடைத்து இருத்தி, பிளேன்ரீ வருவித்துத் தந்தார்.

"தம்பி எந்த இடம்?"

சொன்னேன்.

"கடைசி மட்டும் உள்ளுக்கை இருந்தனீங்களோ?"

"ஓம் அண்ணை. மாத்தளனாலைதான் வந்தனாங்கள்."

போரின் கடைசிக் கட்டத்தைத்தான் கேட்டார். பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் அந்த வழியாலை வந்தவன்தான் தம்பி. செட்டிக்குளம் முகாமிலை தண்ணிக்கு ஒரே வரிசையிலை நிண்ட சனம் நாங்கள். உங்களை ஏமாத்தி நான் என்னத்தைக் கட்டிக்கொண்டு போகப்போறன்?" என்றார்.

அந்த இடத்தில் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எந்த வண்டியையும் நான் வடிவாகப் பார்க்கவில்லை. 2009இல் அந்தத் தண்ணீர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி உண்மையில் அங்கே நின்றாரோ இல்லையோ, இன்றுவரை தெரியாது. வியாபாரத்தில் பொய் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. அந்த வரிசையை எடுத்து ஒரு பழைய என்ஜின் விற்க அவருக்கு எப்படி மனம் வந்தது?

100 சிசி கேட்டேன். "அதெல்லாம் வாற கிழமைதான் வரும். வந்தாலும் கிழட்டு வண்டி" என்று சொல்லி ஒரு 150 சிசியைக் காட்டினார். இரண்டாய்ப் பிரிந்த சீற், அகலமான ரயர், கறுப்பில் சிவப்புக் கோடு. மீற்றரில் 31 ஆயிரம் கிலோமீற்றர். "பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் பாரத்துக்கு இதுதான் இழுக்கும்" என்றார். உதைத்தவுடன் பிடித்தது. என்ஜின் முன்னமே சுடச்சுட இருந்ததைக் கை வைத்துப் பார்த்தேன். "இப்பத்தான் ஒராள் ஓடிப் பாத்திட்டுப் போனவர்" என்றார். அதையும் நம்பினேன். 4 இலட்சத்து 85 ஆயிரத்தையும் எண்ணிக் கொடுத்தேன். என்ஜினுக்கு மூன்று மாதம் தான் பொறுப்பு என்று வாயால்தான் சொன்னார். பதிவுப் புத்தகத்தில் உள்ள பழைய உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி இரண்டு கிழமையில் வரும், அதற்குப் பிறகு பெயர் மாற்றலாம் என்றும் சொன்னார். அது இன்னும் வரவில்லை.

மறுநாள் விடிய உதைத்தால் பிடிக்கவில்லை. பத்து, பதினைந்து தரம் உதைத்தபின் பிடித்து, முற்றம் நிறைய நீலப் புகை. ஒன்பதாம் நாள் வவுனியாவுக்குப் போய்த் திரும்பும்போது புளியங்குளம் தாண்டி நெடுங்கேணி ரோட்டில் நின்றுவிட்டது. பின்னேரம் ஐந்தரை. இரண்டு பக்கமும் காடு, யானை இறங்குகிற நேரம். 140 கிலோவுக்கு மேல் பாரமுள்ள வண்டியைத் தனியே தள்ளினேன். ஒரு சின்ன லொறிக்காரர் இரங்கி ஏற்றிக்கொண்டுவந்து விட்டார்.

அன்றிரவே முதலாளிக்கு அழைத்தேன். "திங்கட்கிழமை கொண்டு வாங்கோ தம்பி." 9 ஆயிரம் கொடுத்து வாகனம் பிடித்து, திங்கட்கிழமை ஏற்றிக்கொண்டு போனேன். "மெக்கானிக் பொடியன் மன்னாருக்குப் போட்டான், வெள்ளிக்கிழமை பாப்பம்." வெள்ளிக்கிழமை அழைத்தால் வேறு யாரோ எடுத்து, "முதலாளி கோயிலுக்குப் போட்டார்." வாட்ஸ்அப்பில் புகை வந்த வீடியோவை அனுப்பினேன். பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக நேரில் போய் நின்றபோது, "உங்கட பக்கத்து ரோட்டு அப்பிடி தம்பி, அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். பற்றுச்சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் சின்ன எழுத்தில் 'உள்ள நிலையில் விற்கப்பட்டது' என்று இருந்தது. முதல் நாள் அண்ணன் தம்பி போல் கதைத்தவர், அன்று கதிரைகூடத் தரவில்லை.

இன்று பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தேய்ந்து, புளொக்கில் உள்ளே கோடு விழுந்திருக்கிறது. புகையை மறைக்கத் தடித்த கியர் எண்ணெய் கலந்து விட்டிருக்கிறார்கள் என்று கராஜ்காரர் சொன்னார். இரண்டாம் கியரில் பல் உடைந்திருக்கிறது. செயின் சில்லும் கால் மிதிக்கிற ரப்பரும் தேய்ந்திருக்கிற அளவுக்கு 31 ஆயிரம் என்பது பொய் என்கிறார். திருத்த 80 ஆயிரம் வேண்டும். 4 இலட்சத்து 85 ஆயிரம் கொடுத்த வண்டிக்கு இன்னும் 80 ஆயிரம்! திருத்தினாலும் அந்தச் சீற்றில் பால் கேன் நிற்காது, உரப்பை கட்ட இடமில்லை. மகள் ஏற எட்டாது.

அவசரமாகச் சிலது சொல்கிறேன். போகும்போது உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள் கூலி கொடுத்தாலும் பரவாயில்லை. என்ஜின் சூடாக இருந்தால் உதைக்கவே வேண்டாம், அது ஆறும் வரை அங்கேயே இருங்கள். செசி (அடிச்சட்டக) இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். புத்தகத்தில் லீசிங் (தவணைக் கடன்) கம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்று இருந்தால் திரும்பி வாருங்கள். பெயர் மாற்றத்துக்கான எல்லாக் கடுதாசியும் கைக்கு வராமல் முழுக்காசையும் கொடுக்க வேண்டாம். வாயால் சொல்லும் பொறுப்பை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் தேடிப்போன வண்டி அங்கே இல்லையென்றால் வெறுங்கையோடு பஸ் ஏறுங்கள்.

நாளை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன். அதற்கு முன் பால் கொடுக்கவேண்டும். பக்கத்து வீட்டு அண்ணையிடம் துவிச்சக்கர வண்டி கேட்டிருக்கிறேன், கேனை அதில் கட்டிப் பார்த்தேன், நிற்கிறது.