ஜீவனாம்சம்: 144-ஆ, குடும்ப வன்முறைச் சட்டமா?

கோத்தகிரியில் எதிர்வீட்டு அக்கா, விரலில் தேயிலைக் கறை போகாமலே வந்து கேட்டார்: "தம்பி, அவரு காசே அனுப்பறதில்ல. எந்த கேஸ் போடணும்?" கணவருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதச் சம்பளம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுதான், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 144-ஆவது பிரிவு. வசதியிருந்தும் கணவர் கவனிக்கவில்லை, தன் கூலி போதவில்லை என்று காட்ட வேண்டும். அடி உதையை நிரூபிக்க வேண்டாம். நீதிமன்றம் சொன்ன தொகையைக் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பாக்கிக்கு ஓராண்டுக்குள் மனு போடணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறையைக் காட்ட வேண்டும். செலவுக்குக் கொடுக்காததும் அதில் சேரும். இதன் பெரிய வசதி பிரிவு 20(6): உத்தரவிட்ட தொகையைக் கணவர் கட்டாவிட்டால், அவர் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியே நேராக மனைவிக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அக்காவுக்கு இதுதான் சரி என்றேன். அதுவே சொந்த ஜீப் ஓட்டுபவர் என்றால்? பிடிக்கச் சம்பளம் ஏது! 144 தான்.

இரண்டையும் அக்கா இருக்கும் ஊர்ப்பக்கமே போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டாம். நிலைமை மாறினால் தொகையை மாற்றவும் மனு உண்டு. அப்புறம், உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்புப்படி இரு தரப்பும் வருமான, சொத்துப் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். கணவரின் பழைய சம்பளச் சீட்டு பீரோவில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.