சியாட்டில் பூங்கா வரலாற்றுச் சுற்றுலா: போகலாம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பாதி வேனிலும் பாதி நடந்தும் போகிற சுற்றுலா இது. நகரம் பெருகிக்கொண்டிருந்த 1903-லேயே பூங்காக்களையும் அவற்றை இணைக்கும், மரங்கள் சூழ்ந்த சாலைகளையும் ஒதுக்கி வைக்கச் சொல்லி நிலவடிவமைப்பாளர் ஜான் சார்லஸ் ஓம்ஸ்டெட் போட்டுக் கொடுத்த திட்டத்தைப் பற்றி வழிகாட்டிகள் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள், அது ஏமாற்றம்தான். ஆனால் கேஸ் ஒர்க்ஸ் பூங்காவில் கொடுத்த காசு வசூலாகிவிட்டது. 1956-ல் மூடிய எரிவாயு ஆலையை முழுதாக இடிக்காமல், துருப்பிடித்த கோபுரங்களை அப்படியே நிறுத்தி, நஞ்சேறிய மண்ணைச் சரிசெய்ய நுண்ணுயிர்களை நம்பி, நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் அதைப் பூங்கா ஆக்கிய கதையை விலாவாரியாகச் சொன்னார்கள். திறந்தது 1975-ல், அன்றைக்கு இதெல்லாம் ரொம்பத் துணிச்சல். அப்புறம், ஐ-5 நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டிய ஃப்ரீவே பூங்கா. ஒரே கான்கிரீட், எனக்குப் பிடித்தது, உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். ஏற்றம் நிறைய, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.